ரெடிமணி (குடும்பப்பெயர்)

ரெடிமணி என்பது மும்பைப் பார்சி வணிகக் குடும்பம் ஒன்றின் பெயர். கையில் தயாராக உள்ள ரொக்கம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் அது. கேட்டவுடன் யாரோ வேடிக்கைக்குச் சொன்னதாகத் தோன்றும். தொடக்கத்தில் அது பட்டப்பெயராகவே இருந்தது.

முற்காலப் பார்சிகள் தம் பெயருடன் தந்தை பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டனர். நாம் தலைப்பெழுத்து இடுவதைப் போல. ஆங்கிலேயர் காலத்தில் நிலையான குடும்பப்பெயர் வழக்கம் பரவியபோது, பலர் தொழிலையே பெயராக்கிக்கொண்டனர். பாட்லிவாலா என்றால் புட்டி வணிகர். தாருவாலா என்றால் மது வணிகர். நாரி கான்ட்ராக்டர், ஃபரூக் எஞ்சினியர் ஆகியோரைக் கிரிக்கெட் ரசிகர்கள் அறிவர். ரெடிமணி இவற்றிலிருந்து வேறுபட்டது. அது தொழிலைச் சொல்லவில்லை, நாணயத்தைச் சொல்கிறது. காசையும் நேர்மையையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழருக்கு இது எளிதில் விளங்கும்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஜராத்தின் நவ்சாரியிலிருந்து மும்பைக்கு வந்த சகோதரர்கள் சீன வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினர். கேட்ட நேரத்தில் ரொக்கம் தரக்கூடியவர்கள் என்பதால் இப்பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காலப் பார்சிகளின் சீன வணிகத்தில் பருத்தியோடு அபினியும் முக்கியப் பண்டம் என்பதை மறைப்பதற்கில்லை.

குடும்பத்தில் புகழ்பெற்றவர் சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணி (1812–1878). 15 வயதில் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றில் கிடங்கு எழுத்தராகச் சேர்ந்தவர், பின்னர் சொந்த வணிகம் தொடங்கினார். மும்பைப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபம் அவர் கொடையால் எழுந்தது. லண்டன் ரீஜண்ட்ஸ் பூங்காவில் 1869இல் ஒரு குடிநீர் ஊற்றும் அமைத்துக் கொடுத்தார். 1872இல் சர் பட்டம் பெற்றார்.

அவருக்குப் பின் பெயர் மங்கியது. குடும்பம் அற்றுப்போனதால் அல்ல, அடுத்த பட்டம் வந்ததால். அவருடைய தத்து வாரிசின் சொந்தப் பெயர் ஜஹாங்கீர். 1908இல் பரம்பரையாகத் தொடரும் பாரனெட் பட்டம் கிடைத்தபோது அவர் சர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் ஆனார். பட்டத்துக்கு வருபவர் ஒவ்வொருவரும் தம் பெயரை விட்டு இதே பெயரை ஏற்பது மரபாயிற்று. மகன் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்த பழைய பார்சி முறைப் பெயர் இப்படித் தலைமுறைதோறும் மாறாத ஒன்றாக உறைந்துவிட்டது. அதில் ரெடிமணிக்கு இடமில்லாமல் போயிற்று.

லண்டன் ஊற்றையும் மும்பைக் கோட்டைப் பகுதியிலுள்ள ரெடிமணி மேன்ஷனையும் மக்கள் இன்றும் பழைய பெயரால்தான் அழைக்கின்றனர்.