நிக்கல் முலாமும் நுண்துகளும்

சைக்கிளின் கைப்பிடி பளபளவென மின்னுகிறது. மேலே நம் கண்ணுக்குத் தெரிவது மிக மெல்லிய குரோமியப் பூச்சு. அதன் அடியில் நின்று எஃகைக் காப்பது நிக்கல் முலாம். சில ஆண்டுகள் மழையில் நனைந்தபின் அதே கைப்பிடியில் கடுகளவு துருப்புள்ளிகள் தோன்றுகின்றன. முலாம் உரியவில்லை, தேயவும் இல்லை. பின்னர்த் துரு எங்கிருந்து வந்தது? இவ்வினாவைச் சற்று ஆராய்வோம்.

முலாம் பூசும் முறையை முதலில் அறிதல் வேண்டும். நிக்கல் சல்பேட்டு, நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் ஆகிய மூன்றும் கலந்த கரைசலை 1916-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆலிவர் வாட்ஸ் வகுத்தளித்தார். இன்றும் அக்கரைசல் பெருவழக்கில் உள்ளது. அதனைச் சூடாக்கி, எஃகுப் பொருளை எதிர்மின்வாயாகவும் நிக்கல் தகட்டை நேர்மின்வாயாகவும் அமைத்து மின்னோட்டத்தைச் செலுத்தினால், தகட்டிலுள்ள நிக்கல் அயனிகளாகக் கரைந்து எஃகின்மேல் படிகிறது. மின்சாரத்தில் ஒரு சிறு பகுதி ஹைட்ரஜனை வெளிப்படுத்துவதில் செலவாகிறது. அவ்வாறு எழும் குமிழிகள் ஒட்டிக்கொண்ட இடங்களில் முலாமில் ஊசித்துளைகள் நேர்கின்றன.

இத்துளைகளே துருவின் வாயில்கள். துத்தநாகம் பூசிய வாளியில் கீறல் விழுந்தாலும் இரும்பு உடனே கெடுவதில்லை. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. நிக்கலோ அவ்வாறு செய்வதில்லை. திட்ட மின்னழுத்தம் துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட்டு, இரும்புக்கு −0.44, நிக்கலுக்கு −0.25. ஆகவே, ஈரம் துளைவழியே புகுந்தால், கரைவது நிக்கலன்று, இரும்பே. பரந்த நிக்கல் பரப்பு முழுவதன் தாக்குதலும் அந்த ஊசிமுனை இடத்தில் குவிகிறது. நிக்கல் முலாம் ஒரு கோட்டைச் சுவர். ஓட்டை விழுந்த சுவரால் பயனில்லை.

சுவரை உறுதியாக்க ஒரு வழி உண்டு. சிலிக்கன் கார்பைடு, அலுமினா போன்ற கடினப்பொருள்களின் நுண்துகள்களைக் கரைசலில் இட்டு, அவை அடியில் தங்காதவாறு கலக்கிக்கொண்டே மின்னோட்டத்தைச் செலுத்தினால், படியும் நிக்கல் அத்துகள்களையும் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கிறது. துகள் முதலில் தளர்வாகப் பரப்பில் ஒட்டுகிறது. பின்னர் மின்புலத்தால் இறுகப் பற்றப்படுகிறது என்று 1972-இல் குக்லியெல்மி விளக்கினார். துகளின் அளவு சில பத்து நானோமீட்டராயின் அது நானோ கலவை முலாம் எனப்படும். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இத்துகள்கள் செய்யும் பணிகள் இரண்டு. புதிய படிகங்கள் பல இடங்களில் ஒருங்கே தோன்றச் செய்து, ஒவ்வொன்றும் பெரிதாய் வளராதவாறு தடுக்கின்றன. படிகமணிகள் சிறுத்தால் உலோகம் வன்மை பெறும் என்பதை 1950-களின் தொடக்கத்தில் ஹால், பெட்ச் என்னும் இருவர் காட்டினர். முலாமும் செறிவுற்று, ஈரம் ஊடுருவும் வழிகளும் குறைகின்றன.

ஆயின், துகளை மிகுதியாக இட்டால் நன்மையும் மிகுமோ? மிகாது. நானோ துகள்கள் ஒன்றோடொன்று திரளும் இயல்புடையன. திரண்ட கட்டியைச் சுற்றி இடைவெளி விழும். மூட வந்ததே துளையாகிவிடும்.

வன்மை வேறு, அரிப்பைத் தாங்கும் ஆற்றல் வேறு என்பதையும் மறத்தலாகாது. 1967-இல் ஜெர்மனியின் மாலே நிறுவனம் நிக்காசில் என்னும் முலாமை உருவாக்கியது. நானோ அளவினும் பெரிய சிலிக்கன் கார்பைடு துகள்கள் செறிந்த நிக்கல் அது. எஞ்சின் உருளைகளில் உராய்வை அது நன்கு தாங்கியது. எனினும் 1990-களில், கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்ற நாடுகளில், சில கார்களின் உருளைப் பரப்பு அரிக்கப்பட்டது. துகள்கள் அமிலத்துக்கு அஞ்சவில்லை. அவற்றைத் தாங்கிய நிக்கலே கரைந்தது.

இத்துறையில் ஆராய விழையும் மாணவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்ததன் பயனாய், 1953-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. மின்முலாமும் துருத்தடுப்பும் அங்கு ஆராயப்படும் துறைகளாம். முலாமின் பளபளப்பைக் கண்டு மகிழ்வோர் பலர். அதிலுள்ள துளையைத் தேடுபவரே அறிவியலார். அத்தேடலை இன்றே தொடங்குங்கள்.