ரயிலை நிறுத்தினால் பள்ளம் மூடுமா?

போன மாதம் என் நண்பர் ஒருவர் ஸ்கூட்டரில் வரும்போது, மழைத்தண்ணீர் நின்ற பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கிக் கீழே விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிவு; பிளேட் வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போனபோது டிவியில் மும்பை–அகமதாபாத் ரயிலுக்கான பாலத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "லட்சம் கோடிக்கு ரயில் விடறாங்களாம். இந்தக் குழியை மூட ரெண்டு கூடை ஜல்லி இல்லியாம்" என்றார்.

நான் பதில் எதுவும் சொல்லவில்லை. ஏனென்றால் சில வருடங்களுக்கு முன் இதையே கொஞ்சம் புள்ளிவிவரம் சேர்த்து நானே எழுதியிருக்கிறேன். 1,08,000 கோடி ரூபாயை, ஒரு கிலோமீட்டர் சாலை போட ஆகும் செலவால் வகுத்து, எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்குத் தார் போடலாம் என்று கணக்குக் காட்டியிருந்தேன். வகுத்ததில் பிழை இல்லை. ஆனால் அப்படி வகுக்கலாமா என்று நான் யோசிக்கவே இல்லை. அதைச் சரிசெய்யத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் நம் ஊர்க் கணக்கு. 2017 செப்டம்பரில் மோடியும் ஷின்சோ அபேயும் அடிக்கல் நாட்டியபோது, 508 கிலோமீட்டர் பாதைக்குச் சொன்ன மதிப்பீடுதான் அந்த 1,08,000 கோடி. அதில் சுமார் 88,000 கோடி ஜப்பான் தரும் கடன். வட்டி 0.1 சதவீதம், திருப்பிக் கட்ட 50 ஆண்டு, முதல் 15 ஆண்டு தவணை கிடையாது. இந்தத் திட்டத்துக்கென்றே தரப்படும் கடன் இது. 'ரயில் வேண்டாம், அந்தப் பணத்தை அப்படியே கொடுங்க, எங்க ஊர் ரோடு போட்டுக்கறோம்' என்றால் ஜப்பான்காரர் கொடுக்க மாட்டார். நிஜமாக நம் கையிலிருந்து பங்கு முதலாகப் போவது மத்திய அரசின் 10,000 கோடியும் மகாராஷ்டிரா, குஜராத் மாநிலங்களின் தலா 5,000 கோடியும். அதைப் பற்றித் தாராளமாகச் சண்டை போடலாம். கடன் யென்னில் என்பதால், பிற்காலத்தில் ரூபாய் சரிந்தால் அந்த 0.1 சதவீதம் எவ்வளவு மலிவு என்றும் கேட்கலாம். ஆனால் நண்பர் விழுந்த தெரு, உள்ளாட்சி அமைப்பின் தெரு. அதற்குப் பணம் சொத்து வரியிலிருந்தும் மாநில அரசின் மானியத்திலிருந்தும் வர வேண்டும். ரயில் ஒரு பையிலிருந்து, தெரு வேறொரு பையிலிருந்து.

"எல்லாம் கடைசியில நம்ம வரிப்பணம்தானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போட அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. ஒரு அரசு உண்மையிலேயே அப்படிச் செய்தால் என்ன ஆகும்? ரயிலை ரத்து செய்துவிட்டு, 'இந்தப் பணம் பள்ளங்களுக்கு' என்று அறிவித்தால்?

ஒரு நாட்டில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். பிரிட்டன்.

அங்கே எச்எஸ்2 என்று ஓர் அதிவேக ரயில் திட்டம். லண்டனிலிருந்து பர்மிங்ஹாம், அங்கிருந்து ஒரு கிளை மான்செஸ்டருக்கு, இன்னொன்று லீட்ஸுக்கு. ஆங்கில ஒய் எழுத்து மாதிரி. 2010இல் மொத்தத்துக்கும் சுமார் 3,000 கோடி பவுண்டு என்றார்கள். பிறகு லண்டன்–பர்மிங்ஹாம் துண்டுக்கு மட்டுமே, 2019ஆம் ஆண்டு விலையில், 4,500 கோடிக்கு மேல் போனது. பக்கிங்ஹாம்ஷையரில் ஒரு காட்டருகே வௌவால்கள் ரயிலில் அடிபடாமல் இருக்க ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கூண்டு மாதிரி ஓர் அமைப்பு. அதற்கு மட்டும் 10 கோடி பவுண்டுக்கு மேல். அந்த ஊர்ப் பத்திரிகைகள் சும்மா விடுமா? ஆக, திட்டத்தை மோசமாக நடத்தினார்கள் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

லீட்ஸ் கிளையை 2021இல் வெட்டினார்கள். 2023 அக்டோபர் 4 அன்று பிரதமர் ரிஷி சுனக் மான்செஸ்டர் கிளையையும் ரத்து செய்தார். கட்சி மாநாட்டில், மான்செஸ்டரிலேயே நின்று இதை அறிவித்தார். அந்த மாநாட்டு மண்டபம் 1969இல் மூடப்பட்ட பழைய ரயில் நிலையம். இதையெல்லாம் யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, தானாக அமைகிறது.

மிச்சமாகும் 3,600 கோடி பவுண்டும் வேறு போக்குவரத்துத் திட்டங்களுக்குப் போகும் என்றார். அவசரமாகத் தயாரித்த பட்டியல் போலிருக்கிறது. மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு டிராம் நீட்டிப்பு என்று அதில் ஒன்று. அந்த டிராம் 2014இலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பட்டியலில் நமக்கு வேண்டியது ஒரு வரி: இங்கிலாந்தின் உள்ளூர்ச் சாலைகளுக்கு 830 கோடி பவுண்டு. என் நண்பர் கேட்டது கிட்டத்தட்ட இதேதான்.

இந்த 830 கோடி 11 ஆண்டுகளுக்கானது. 2023–24க்கு 15 கோடி, 2024–25க்கு 15 கோடி. மிச்சம் 800 கோடி, 2034 வரைக்கும் பின்னால் வரும். அதாவது அறிவித்தவரின் ஆட்சிக்காலத்துக்குள் வந்தது நூற்றுக்கு நாலு ரூபாய்கூட இல்லை. 2024 ஜூலையில் ஆட்சியும் மாறிவிட்டது. புது அரசு அக்டோபர் பட்ஜெட்டில் தன் கணக்கில் 2025–26க்குக் கூடுதலாக 50 கோடி பவுண்டு அறிவித்தது.

ஏன் இப்படி ஆனது? அந்த 3,600 கோடி எங்கேயும் பெட்டியில் பூட்டி வைத்த பணம் இல்லை. வருங்காலத்தில், ஆண்டுக்குக் கொஞ்சமாக, பெரும்பாலும் கடன் வாங்கிச் செலவழிக்க இருந்த தொகை. ரயிலை ரத்து செய்தால் அந்தக் கடனை வாங்காமல் விடுகிறோம், அவ்வளவுதான். வாங்காத கடனை வைத்து இந்த வருடம் தார் வாங்க முடியாது. நான் முன்பு போட்ட வகுத்தல் கணக்கு இடறி விழுந்த இடம் இது.

சரி, சாலைகள் என்ன ஆயின? இங்கிலாந்து, வேல்ஸ் உள்ளாட்சிகளிடம் ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. தேங்கிக் கிடக்கும் சாலைப் பழுதை ஒரே மூச்சில் சரிசெய்ய எவ்வளவு ஆகும்? 2023இல் 1,402 கோடி பவுண்டு, 2024இல் 1,630 கோடி, 2025இல் 1,681 கோடி. ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கெடுப்பை நடத்துவது அஸ்பால்ட் தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு. தார் விற்கிறவர் 'இன்னும் நிறையத் தார் வேணும்' என்கிறார். கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாசியுங்கள். ஆனாலும் ஏறுமுகம் என்பது தெரிகிறது. வாக்குறுதி தந்த 830 கோடி மொத்தமும் மறுநாளே வந்திருந்தால்கூட இதில் பாதிதான் அடைந்திருக்கும்.

ஒரே மூச்சில் அடைத்தாலும் தீராது என்பதுதான் எனக்குப் பெரிய பாடம். அதற்குச் சாலை எப்படிக் கெடுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தார் வெயிலிலும் காற்றிலும் வயதாகி இறுகுகிறது. மேலே மயிரிழை வெடிப்பு விடுகிறது. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. குளிர்நாட்டில் அது உறைந்து விரிந்து வெடிப்பைப் பிளக்கும். நம் ஊரில் உறைவதில்லை. ஆனால் தண்ணீர் ஊறிய சாலைமேல் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி, மண்ணையும் பொடியையும் கூடவே வெளியே இழுக்கிறது. அடியில் பொந்து விழுகிறது; ஒருநாள் மேல்தளம் உள்வாங்குகிறது. கண்ணுக்குப் பள்ளம் தெரியும்போது நோய் ரொம்பப் பழையது.

வெடிப்பு மெல்லியதாக இருக்கும்போதே ஒரு பூச்சுப் பூசித் தண்ணீரைத் தடுத்துவிட்டால் செலவு குறைவு. பள்ளம் விழுந்தபின் ஒட்டுப் போட்டால் அது அடுத்த மழை வரைக்கும்தான். அடித்தளமே போனபின் தோண்டிப் புதிதாகப் போட வேண்டும். அது எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு. ஆக, பார்க்க நன்றாக இருக்கும் சாலைக்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும். எந்தக் கவுன்சிலர் இதைச் செய்துவிட்டு ஓட்டுக் கேட்க முடியும்? "நல்லாத்தானே இருந்துச்சு, அதுக்கு ஏன் பணத்தைக் கொட்டுறீங்க?" என்று முதலில் கேட்பவர்கள் நாம்தான்.

இங்கிலாந்தின் சாலை நீளத்தில் 98 சதவீதம் உள்ளாட்சிகளின் பொறுப்பு. அவர்கள் சட்டப்படி முதியோர் பராமரிப்புக்கும் குழந்தைகள் நலனுக்கும் செலவழித்தே ஆக வேண்டும். சாலைக்கான பூச்சைத் தள்ளிப்போட்டால் இந்த வருடம் யாருக்கும் தெரியாது. அதனால் அது தள்ளிப்போகிறது. 2025 கணக்கெடுப்பின்படி, ஒரு சாலைக்கு மறுபடி முழுத்தளம் போடும் முறை சராசரியாக 93 ஆண்டுக்கு ஒருதரம் வருகிறது. தாத்தா பார்த்த தளத்தைப் பேரனும் பார்க்கலாம்.

அந்த நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2024 ஜூலையில் உள்ளூர்ச் சாலைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சாலைகளின் நிலை பற்றிப் போக்குவரத்துத் துறையிடம் போதுமான தரவு இல்லை, கொடுத்த பணத்தால் என்ன பலன் என்பதும் துறைக்குச் சரியாகத் தெரியவில்லை என்றது. எச்எஸ்2 பற்றியும் அதே மாதம் ஓர் அறிக்கை. மான்செஸ்டர் கிளை இல்லாததால், புது ரயில்கள் பர்மிங்ஹாமுக்கு வடக்கே பழைய பாதையில்தான் போக வேண்டும். பழைய பாதையில் இன்று ஓடும் பெண்டோலினோ ரயில்கள் வளைவில் சாய்ந்து வேகமாகப் போகும். புது ரயில்கள் சாயாது. இருக்கைகளும் குறைவு. மான்செஸ்டருக்கு இன்று இருப்பதைவிட 17 சதவீதம் இருக்கைகள் குறையக்கூடும் என்று எச்சரித்தது அந்த அறிக்கை. பாதி வெட்டியதால், கட்டி முடிக்கும் மீதிப் பாதியும் நொண்டியாகிவிட்டது.

இந்த ரயிலின் முக்கிய வேலை வேகமே இல்லை. ஒரே தண்டவாளத்தில் விரைவு ரயிலும், நின்று நின்று போகும் ரயிலும், சரக்கு ரயிலும் போனால் எல்லாம் ஒன்றையொன்று மறிக்கும். விரைவு ரயிலைத் தனிப் பாதைக்கு மாற்றினால் பழைய பாதையில் சரக்குக்கு இடம் கிடைக்கும். ஒரு சரக்கு ரயில் 76 லாரிகள் வரை சாலையிலிருந்து எடுத்துவிடும் என்கிறது அங்குள்ள ரயில் நிர்வாகம். 1958–60இல் அமெரிக்காவின் இல்லினாயில் சோதனைச் சாலைகள் போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சு ஒன்றின் மேல் வரும் எடை இருமடங்கானால் சாலைக்கு ஆகும் சேதம் சுமார் 16 மடங்கு ஆகிறது என்று கண்டார்கள். ஒரு டன் அச்சுள்ள காரோடு ஒப்பிட்டால் பத்து டன் அச்சின் சேதம் பத்தாயிரம் மடங்கு. ரயிலுக்குச் செலவழிப்பது சாலைக்கும் உதவும் என்று சொல்லலாம். ரொம்பவும் நீட்டக் கூடாது. லாரிகள் போவது பெரும்பாலும் நெடுஞ்சாலையில். நண்பர் விழுந்த தெருவைக் கெடுத்தது லாரி இல்லை. குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிச் சரியாக மூடாமல் போன பள்ளம்.

பராமரிப்பை ஒழுங்காகச் செய்ய வழியே இல்லையா? இருக்கிறது, அதுவும் இங்கேயே. தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை பொள்ளாச்சிக் கோட்டத்தில் ஒரு முறையை முன்னோடியாகச் செய்து பார்த்து, பிறகு வேறு கோட்டங்களுக்கும் கொண்டுபோனது. ஒப்பந்ததாரருக்கு 'இத்தனை பள்ளம் மூடினால் இவ்வளவு' என்ற கணக்கு இல்லை. ஐந்து ஆண்டுக்குச் சாலையை இன்ன தரத்தில் வைத்திருக்க வேண்டும், வைத்திருந்தால்தான் பணம். பள்ளம் விழுந்தால் அவருக்கு நஷ்டம். அதனால் வெடிப்பிலேயே கவனிக்கிறார். இது நெடுஞ்சாலைகளுக்கு. நம் தெருக்களுக்கு இன்னும் பழைய கதைதான்: மழை முடிந்ததும் ஒட்டு, தேர்தலுக்கு முன் பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தளம். தெரு உயர, வீட்டு வாசல் பள்ளமாகும்.

நண்பரிடம் இதையெல்லாம் இரண்டாவது தடவை போனபோது சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப ரயில் விடறது சரிங்கறியா?" என்றார். இல்லை. அந்த ரயில் வேண்டுமா என்பதை அதன் பயணிகள், கட்டணம், யென் கடன் இவற்றை வைத்துத் தனியாகப் பேச வேண்டும். எனக்கு அதில் இன்னும் சந்தேகங்கள் உண்டு. பள்ளத்தை அதற்குச் சாட்சியாகக் கூப்பிடுவதை மட்டும் நான் நிறுத்திவிட்டேன். ரயிலைத் திட்டிக்கொண்டே இருந்தால், தெருவுக்குப் பொறுப்பானவர் நிம்மதியாக இருக்கிறார்.

"சரி, எங்கிட்ட என்ன பண்ணச் சொல்ற?" என்றார்.

எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்துக்கு மூன்று கேள்வி எழுதியிருக்கிறோம். இந்தத் தெருவுக்குக் கடைசியாக முழுத்தளம் போட்டது எந்த வருடம்? அந்த ஒப்பந்ததாரரின் பொறுப்புக்காலம் முடிந்துவிட்டதா? குழாய்க்குத் தோண்டியவர்கள் சாலையைச் சரிசெய்யக் கட்டிய தொகை எங்கே? நண்பருக்கு வலது கை இன்னும் மடங்கவில்லை. நான் எழுத, அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.