கத்தி எப்படி மழுங்கும்?

கிளிமூக்கு மாங்காய் ஒன்றை இரண்டாக வகுந்து, ஒரு பாதியை பிரெஞ்சு மடக்குக் கத்தியாலும் மறு பாதியைச் சுவிஸ் மடக்குக் கத்தியாலும் கீற்றுப் போட்டேன். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்று முடிப்பதற்குள் பிரெஞ்சுக் கத்தி கறுத்துவிட்டது. அலகின் நடுவே சாம்பலும் நீலமும் கலந்து மழைமேகம்போல் ஒரு திட்டு. கடைசிக் கீற்றில் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு. சுவிஸ் கத்தியோ கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளராக மின்னியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகனுக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. முதல் சம்பளத்தில், எப்போதும் கூடவே வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்க வேண்டும் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். “மாமா, கறுக்காததுதானே நல்ல கத்தி?” என்றான்.

அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. மாங்காயின் புளிப்பு, அலகிலிருந்து துளி இரும்பைக் கரைக்கிறது. மாங்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் அந்த இரும்பைப் பற்றிக்கொண்டு கரும் நீல நிறமாகின்றன. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் ஊரில் மை காய்ச்சியதும், ஐரோப்பாவில் மாசிக்காயிலிருந்து மை எடுத்ததும் இதே வேதியியல்தான். அந்த மையைத் தொட்டு எழுதிய இறகுப் பேனாவைச் சீவுவதற்காகப் பிறந்ததால்தான் சின்ன மடக்குக் கத்திக்குப் பேனாக்கத்தி என்று பெயர் வந்தது. என் கத்தி ஒரு மாங்காயை வைத்து மையையே தயாரித்துக் கொடுத்துவிட்டது. இந்தக் கறுப்புப் படலம் கெடுதலும் இல்லை. செந்துரு ஏறுவதை ஓரளவு தாமதப்படுத்தும்.

எந்தக் கத்தி நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது எப்படி மழுங்கினால் உங்களால் சமாளிக்க முடியும்? மழுங்காத கத்தி கிடையாது. ஆனால் ஒவ்வொரு கத்தியும் ஒவ்வொரு விதமாக மழுங்குகிறது.

கூர் போகும் நான்கு வழி

நன்றாகத் தீட்டிய கத்தியின் வாய், அதன் நுனியில் ஒரு மைக்ரானுக்கும் குறைவான அகலமே இருக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் அது எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கை கொடுக்கும் விசை முழுவதும் அந்த இம்மியளவு பரப்பில் குவிவதால்தான் தக்காளித் தோல் பிளக்கிறது. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் அது சீக்கிரம் கெடவும் செய்கிறது.

கெடுவதில் நான்கு வகை உண்டு. உலோகம் மென்மையாக இருந்தால் வாய் ஒரு பக்கமாக மடங்கும். கடினமாகி நொறுங்கும் குணம் கூடினால் கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் தெறித்துப் பொக்கை விழும். அட்டைப்பெட்டி, சணல் கயிறு, மண் ஒட்டிய கிழங்கு போன்றவற்றை அறுத்தால் மெல்லத் தேயும். வியர்வையும் எலுமிச்சைச் சாறும் பட்டால் துரு தின்னும்.

பொக்கை விழ எலும்பையோ ஆணியையோ வெட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு வேடிக்கையான உண்மையை வெளியிட்டார்கள். சவர பிளேடின் எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் அந்த முடி பிளேடில் சில்லு பெயர்த்துவிடுகிறது. முடி சாய்ந்து வளைய வேண்டும், விளிம்பில் ஏற்கெனவே சின்ன மேடுபள்ளம் இருக்க வேண்டும், அந்த இடத்தில் எஃகின் நுண்ணமைப்பு ஒரே சீராக இல்லாமல் இருக்க வேண்டும். மூன்றும் கூடிவந்தால் முடியே எஃகை உடைத்துவிடும். ஆக, எஃகின் உள்ளமைப்பு எவ்வளவு சீராக இருக்கிறது என்பது அதன் கடினத்தன்மைக்குச் சற்றும் குறையாத விஷயம்.

எஃகுக்குள் நடக்கும் பேரம்

என் மேஜையில் மூன்று மடக்குக் கத்திகள் இருக்கின்றன. மூன்றும் மூன்று விதமான பேரத்தின் விளைவு.

முதலாவது பிரெஞ்சுக் கத்தி. சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கியது. மரப்பிடி, ஒற்றை அலகு, அவ்வளவுதான். என்னிடம் இருப்பது 8ஆம் எண், அலகு 8.5 செ.மீ. சுமார் 0.9% கார்பன் உள்ள எஃகு. குரோமியம் இல்லாததால் துரு ஏறும். ஆனால் உள்ளமைப்பு நுணுக்கமாக இருப்பதால் சாதாரணக் கல்லிலேயே சவரக்கத்தி மாதிரி கூர் ஏறிவிடும்.

இரண்டாவது சுவிஸ் கத்தி. கார்ல் எல்ஸ்னர் இபாக் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கி, 1891இல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் கத்திகளைக் கொடுத்தார். தாயார் விக்டோரியாவின் பெயரோடு, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ சேர்ந்துதான் விக்டோரினாக்ஸ் ஆனது. எஃகில் குறைந்தது 10.5% குரோமியம் இருந்தால் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனில் ஒரு ஆக்ஸைடு படலம் தானாக உருவாகும். கீறினாலும் மறுபடி மூடிக்கொள்ளும். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் ரகசியமும் அதுவே. இந்தக் கத்தியின் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 56ஐ ஒட்டியது. வைரக் கூம்பை 150 கிலோ பாரத்தில் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துப் போடும் மதிப்பெண் அது. நல்ல கத்திகள் 60ஐத் தொடும் இந்தக் காலத்தில் 56 குறைவுதான். ஆகவே இதன் வாய் மடங்கும். ஆனால் எளிதில் உடையாது. நாலு இழுப்பில் நிமிர்ந்துவிடும்.

மூன்றாவது அமெரிக்க எஃகு போட்ட நவீனக் கத்தி. எஸ்30வி என்னும் அந்த எஃகில் கார்பன் 1.45%, குரோமியம் 14%, வனேடியம் 4%. உருகிய எஃகை வாயுவால் பீய்ச்சிப் பொடியாக்கி, அந்தப் பொடியை வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக்குகிறார்கள். இதனால் கார்பைடு துகள்கள் பெரிதாகத் திரளாமல் சின்னதாகச் சிதறி நிற்கின்றன. வனேடியம் கார்பைடு, பெரும்பாலான தீட்டுகற்களில் இருக்கும் அலுமினியம் ஆக்ஸைடைவிடக் கடினம். அட்டைப்பெட்டிகளை நாள் முழுக்க அறுத்தாலும் கத்தி அசராததற்கு அதுவே காரணம். ஒருநாள் அசந்துபோனால் வீட்டுக் கல்லில் ஏற அடம்பிடிப்பதற்கும் அதுதான் காரணம். துகள்களைச் சுற்றியுள்ள எஃகு தேயும், துகள்கள் தேயாது. வைரத்தூள் பதித்த தகடு வாங்கியே ஆக வேண்டும்.

வனேடியத்துக்கும் தென்னிந்தியாவுக்கும் பழைய சொந்தம் உண்டு. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் போன்ற இடங்களில் மூசையில் வைத்து உருக்கெடுத்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. தென்னாட்டு உருக்கில் அடித்த வாள்களில் தண்ணீர் அலைபோலத் தெரியும் கோலத்துக்கு, தாதுவோடு வந்த மிகச் சிறிதளவு வனேடியமும் காரணம் என்று உலோகவியலாளர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும் 1998இல் விளக்கினார்கள். அன்று தற்செயலாகச் சேர்ந்ததை இன்று எடைபோட்டுச் சேர்க்கிறார்கள்.

இந்தப் பேரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. குரோமியமும் கார்பனை விரும்பும். கார்பைடாகக் கட்டுப்பட்டுப்போன குரோமியம் துருவைத் தடுக்க வராது. கார்பனைக் கூட்டினால் தேய்மானம் குறையும், துரு பயம் கூடும், பொக்கை விழும் வாய்ப்பும் கூடும். ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் போதாத சின்னப் போர்வை மாதிரி. உலோகவியலாளர் லாரின் தாமஸ் 2021இல் கொண்டுவந்த மேக்னாகட் எஃகு இந்தப் போர்வையைச் சற்று நீட்டியது. குரோமியத்தை 10.7% ஆகக் குறைத்து, அது கார்பைடாகாமல் முழுக்கத் துரு தடுக்கும் வேலைக்கே நிற்கும்படி கலவையை அமைத்தார். அப்படியும் போர்வைக்கு எல்லை உண்டு, விலையும் உண்டு.

எஃகைவிட உடல்வாகு

கடைக்காரர்கள் எஃகின் பெயரைச் சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் அறுப்பது எஃகு மட்டுமல்ல. அலகின் வடிவமும் சேர்ந்துதான் அறுக்கிறது. கேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் உள்ளே நுழைந்த பிறகு, பின்னால் வரும் அலகு ஆப்புபோல் இரு பக்கமும் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டும். முதுகு 2 மி.மீ.க்கும் மெல்லியதான ஒப்பினெல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அதைப்போல் இரண்டு மடங்கு தடித்த வேறொரு கத்தி, பாதி தூரம் போனதும் கேரட்டை ‘டக்’கென்று பிளக்கிறது. இரண்டும் ஒரே கல்லில் தீட்டியவைதான்.

தீட்டும் கோணமும் அப்படியே. பக்கத்துக்கு 15 டிகிரியில் தீட்டினால் 20 டிகிரியைவிட எளிதாக அறுக்கும், நெடுநேரமும் அறுக்கும். ஆனால் வாய் மெலிந்ததால் மடங்கவோ பொக்கை விழவோ இடம் கொடுக்கும். கடினமும் உறுதியும் உள்ள எஃகு வாங்குவதன் உண்மையான லாபம், அதை மெல்லிய கோணத்தில் தீட்ட முடிவதில்தான் இருக்கிறது. விலை உயர்ந்த எஃகைத் தடித்த கோணத்தில் வைத்திருப்பவர், பட்டுவேட்டியை மடித்து பீரோவில் பூட்டியவர்.

விரலைக் காக்கும் ஏற்பாடு

மடக்குக் கத்தியின் பலவீனமே அதன் மடக்கு. சுவிஸ் கத்தியின் அலகைப் பூட்டு எதுவும் பிடித்திருக்கவில்லை. முதுகில் உள்ள வில்தகடு அழுத்திப் பிடிக்கிறது. வெட்டும்போது விசை அலகைத் திறக்கும் பக்கமாகவே தள்ளுவதால் பயமில்லை. நுனியால் குத்தித் துளைபோட நினைத்தால் அலகு விரல்மேல் மடங்கலாம். அதற்கென்றே அந்தக் கத்தியில் தனியாக ஒரு துளையூசி இருக்கிறது.

ஒப்பினெலின் கழுத்தில் பிளவுள்ள ஒரு வளையம் உண்டு. 1955இல் வந்தது. திருகினால் அலகின் வழியை மறித்துக்கொள்ளும். இதைவிட எளிய பூட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் பிடி மரம். மரம் ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி அடைமழையில் என் கத்தி திறக்கவே மறுத்துவிட்டது. பிளவுக்குள் இருக்கும் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொண்டது. பிடியின் பின்முனையை மேஜையில் ஓங்கித் தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அதைப் பிடித்து இழுக்க வேண்டும். சவோய்க்காரர்களின் பழைய வித்தை அது. சென்னையிலும் செல்லுபடியாகிறது.

நவீனக் கத்திகளில் பெரும்பாலும் லைனர் லாக். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு, அலகு திறந்ததும் சொடுக்கி அதன் அடிக்குப் பின்னால் போய் முட்டுக்கொடுக்கும். மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கலைஞர் 1980களில் மெருகேற்றிய அமைப்பு. ஒரே கையால் திறக்கலாம், ஒரே கையால் மூடலாம். மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் இருக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

பூட்டு, சட்டம் கவனிக்கும் விஷயமும்கூட. பிரிட்டனில் 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியையும் கொண்டுபோகாதீர்கள். பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

எதை வாங்குவது?

ஒரு வாரம் எதையெல்லாம் அறுக்கிறாய் என்று எழுதிப் பார் என்று மருமகனிடம் சொன்னேன். அவன் கொண்டுவந்த சீட்டில் இருந்தவை: கூரியர் கவர், பால் பாக்கெட், கொய்யாப்பழம், சட்டையில் தொங்கிய நூல், ஒரு திருகாணி. எஸ்30வி தேவைப்படும் வேலை ஒன்றுகூட இல்லை. அட்டைப்பெட்டிக் கிடங்கில் வேலை பார்த்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். சமையலும் பழமுமே பொழுதாக இருந்து, துடைத்து எண்ணெய் தடவும் பொறுமையும் இருந்தால் ஒப்பினெல் போதும்.

அடுத்த கேள்வி, யார் தீட்டுவார்கள் என்பது. ஒருமுறை சோம்பல்பட்டு என் ஒப்பினெலைத் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். தண்ணீர் படாத சக்கரத்தில் பூப்பூவாகப் பொறி பறந்தது. திரும்பி வந்த அலகின் விளிம்பில் நீலக்கோடு. கார்பன் எஃகு நீலம் பூத்தால் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். பட்டறையில் அதைவிடக் குறைந்த சூட்டில் பக்குவப்படுத்திய தோய்ச்சல் அந்த இடத்தில் போய்விட்டது. அன்று முடியை மழித்த கத்தி, மறுநாள் மாலைக்குள் மழுங்கிவிட்டது. நீலம் போகும்வரை கல்லில் கையால் தேய்த்தேன், மூன்று ஞாயிற்றுக்கிழமை.

மருமகன் சுவிஸ் கத்தி வாங்கினான். அதைத் தீட்டக் கல்கூட வாங்கவில்லை. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால், பளபளப்பு ஏறாத ஒரு வளையம் சொரசொரவென்று இருக்கும். அதில் பக்கத்துக்கு ஐந்தாறு தடவை இழுத்துக் காட்டினேன். மடங்கிய வாய் நிமிர்ந்தது. செய்தித்தாளின் ஓரத்தைச் சீவிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

என் எஸ்30வி வாங்கிய அன்றைய கூரோடு இழுப்பறையில் இருக்கிறது. அதை வைத்து இன்னும் எதையும் அறுக்க நேரவில்லை.