ஆகாயத்தில் கிடக்கும் தரிசு

மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்குப் பாத்தி என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்தால் அத்தனை பாத்தியிலும் வேலை நின்றுவிடும். நம் தலைக்கு மேலுள்ள ஆகாயத்தையும் விஞ்ஞானிகள் அலைவரிசைகளாகப் பாத்தி கட்டி வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், மழை பெய்யாமலே அவற்றில் பல தரிசாகக் கிடக்கின்றன!

470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 15 தொலைக்காட்சி அலைவரிசைகளில், தேசத்தின் ஏறக்குறைய எவ்விடத்திலும் 12-க்குக் குறையாமல் காலி என்று பம்பாய் ஐ.ஐ.டி. ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் கணக்கிட்டார்கள். பிற்பாடு தூர்தர்ஷன் தன் பழைய முறை நிலையங்களில் பெரும்பாலானவற்றை மூடியும் விட்டது. ஆகாய அலைகள் பொதுச்சொத்து என்பது சுப்ரீம் கோர்ட்டின் 1995-ஆம் வருஷத்துத் தீர்ப்பு. பொதுச்சொத்து வீணாகலாமா?

1999-ல் ஜோசப் மிட்டோலா என்பவர் 'அறிவுள்ள வானொலி' ஒன்றைப் பற்றி எழுதினார். அது பேசுமுன் காது கொடுத்துக் கேட்கும். பாத்திக்கு உடையவர் இல்லையென்றால் உபயோகிக்கும். அவர் வந்தால் மரியாதையாக விலகும். இதில் என்ன கஷ்டம் என்று நேயர்கள் கேட்கலாம். உடையவர் இல்லை என்று எப்படித் தெரியும்? அங்கேதான் கணித சாஸ்திரம் விழி பிதுங்குகிறது.

ஆகாயத்தில் இரைச்சல் ஓயாது. மெல்லிய குரல் அதில் அமுங்கிவிடும். அதிக நேரம் கேட்டால் தெளியும் என்றே நாமும் நினைப்போம். ஆனால் வலிவை மட்டும் அளக்கும் கருவி, இரைச்சலின் அளவைத் துல்லியமாக அறியாதிருந்தால், குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே எத்தனை நேரம் கேட்டும் பயனில்லை என்று ராகுல் தாந்த்ராவும் அனந்த் சஹாயும் 2008-ல் நிரூபித்தார்கள். தாண்ட முடியாத சுவர் அது.

அமெரிக்க சர்க்கார் 2010-ல் வேறு வழி கண்டது: கேட்பது கட்டாயமில்லை, இருக்குமிடத்தைச் சொல்லி அட்டவணையைப் பார்த்தால் போதும் என்றது. நம் கடற்கரைக்கு அது மட்டும் போதாது என்பது நமது அபிப்பிராயம். 1980-களில் இலங்கையின் ரூபவாஹினியைத் தமிழகக் கடலோரத்தார் வீட்டிலிருந்தபடியே பார்க்கவில்லையா? கடல்மேல் காற்றடுக்குகள் அலைகளை வளைத்து வெகுதூரம் கொண்டுவந்துவிடுகின்றன. அந்தக் காற்று எந்த அட்டவணைக்குக் கட்டுப்படும்?

ஆகவே பல வானொலிகள் பல இடங்களில் கேட்டு, ஒன்றுகூடித் தீர்மானிக்கலாம் என்கிறார்கள். எதன் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு? ஒன்று வேண்டுமென்றே பொய் சொன்னால்? பஞ்சாயத்துக்குப் பழக்கமான இந்தச் சங்கடங்களுக்குத்தான் இப்போது சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.