பௌலிங்கில் எண்ணெயின் ஆட்டம்

நாகூரைத் தாண்டிக் காரைக்கால் பக்கம் போனால் முதலில் வருவது கீழவாஞ்சூர். வெளியூர்க்காரர்களுக்கு அதன் அடையாளங்கள் இரண்டுதான்: துறைமுகமும், எல்லை தாண்டி வருகிறவர்களை நம்பியிருக்கும் மதுக்கடைகளும். பௌலிங் ஆட ஆசைப்பட்டால் வெளியூருக்கு வண்டி ஏற வேண்டும். ஆனால் உருண்டையைக் குறி பார்த்து விடும் ஆட்டம் கீழவாஞ்சூர் அடங்கிய புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பெத்தாங்க் புதுச்சேரியில் இன்றும் நடக்கிறது. அதில் இரும்பு உருண்டையை மண்ணில் வீசுகிறார்கள். கல் எங்கே, மேடு எங்கே என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பத்துப் பின் பௌலிங்கிலும் மேடு பள்ளம் உண்டு. அது எண்ணெயால் ஆனது, கண்ணுக்குத் தெரியாது.

பந்து ஓடும் தளமான லேனைத் தொட்டுப் பார்த்தால் விரலில் பிசுபிசுக்கும். பந்தை விடும் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. குறுக்கே 39 பலகைகள். செயற்கைத் தளம் வந்த பிறகும் பலகைக் கோடுகளை வரைந்தே வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் ஆட்டக்காரர்கள் கணக்குப் பார்ப்பது பலகை எண்ணில்தான். ஓர் இயந்திரம் லேன் மேல் ஊர்ந்து போய், பழைய எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறது. ஒரு லேனுக்கு 20 முதல் 30 மில்லி போதும். கேரம் போர்டில் பவுடரை முன்பாதியில் மட்டும் தூவினால் காய் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். இங்கேயும் அதே கதை: எண்ணெய் இருக்கும்வரை பந்து சறுக்கும், தீர்ந்த இடத்தில் தரையைப் பிடித்து வளையும்.

வளைய வைப்பது பந்தாவுக்காக அல்ல. வலக்கைக்காரர் முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவே, ஏறக்குறைய 6 டிகிரி சாய்வில் பந்தை நுழைத்தால் ஸ்டிரைக், அதாவது ஒரே வீச்சில் பத்துப் பின்னும், விழ நல்ல வாய்ப்பு. மூன்றரை அடி அகலத் தளத்தில் நேராக உருட்டி அந்தச் சாய்வைக் கொண்டுவர முடியாது. சரியாகப் போய் விழுந்த ஸ்டிரைக்கில் பந்து தொடுவது 1, 3, 5, 9 என்ற நாலே பின்களை. மற்ற ஆறையும் பின்களே ஒன்றையொன்று தள்ளிச் சாய்த்துவிடும்.

மாலில் ஆடுகிறவர்களுக்கு எண்ணெய் தாராளமாகக் கைகொடுக்கிறது. நடுவில் கனமாகவும் ஓரங்களில் லேசாகவும் பூசியிருப்பார்கள். பந்தை வளைக்கத் தெரிந்தவர் கொஞ்சம் வெளியே விட்டுவிட்டாலும் காய்ந்த ஓரம் அதை உள்ளே திருப்பிவிடும். உள்ளே விட்டுவிட்டாலும் எண்ணெய் அதை அதிகம் வளைய விடாது. அங்கே எடுத்த 180 புள்ளிகளை வைத்துக்கொண்டு பெருமை பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் இருப்பது நட்புக்கு நல்லது. தொழில்முறைப் போட்டியில் இந்தச் சலுகை கிடையாது. ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசத்தைக் குறைத்துவிடுவார்கள். ஒரு பலகை தவறினால் பின்கள் நின்றுகொண்டே உங்களைப் பார்க்கும்.

அமெரிக்காவில் எடி எலியாஸ் என்ற வழக்கறிஞர் 1958இல் தொழில்முறை பௌலர் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு முதல் சீசனில் மொத்தமே மூன்று போட்டிகள். இன்றைய சீசன் பெரும்பாலும் ஆண்டின் முதல் சில மாதங்களுக்குள் ஊர் ஊராக நடந்து முடிகிறது. பெரிய பட்டங்கள் ஐந்து. இந்தப் போட்டிகளின் எண்ணெய்ப் பூச்சு வகைகள் பலவற்றுக்கு விலங்குப் பெயர்: ஓநாய், சிறுத்தை, தேள், சுறா. நீளமானது பேட்ஜர், 52 அடி. ஆட்டக்காரர்களிடம் ஒரு மனக்கணக்கு உண்டு. எண்ணெயின் நீளத்தில் 31ஐக் கழித்து, வருகிற எண்ணை வலது ஓரத்திலிருந்து பலகையாக எண்ணு. எண்ணெய் முடியும்போது பந்து அங்கே இருக்க வேண்டும். 35 அடிக்கு நாலாவது பலகை, லேனின் ஓரப் பள்ளத்தை ஒட்டியது. பேட்ஜருக்கு 21 வருகிறது, அதாவது நட்ட நடுவையும் தாண்டி. சூத்திரம் அங்கே கொஞ்சம் திணறத்தான் செய்கிறது.

இது காலையில் செல்லும் கணக்கு. நுண்துளை உள்ள இன்றைய ரெசின் பந்துகள் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே போகின்றன. பத்து நிமிடம் முன்பு ஸ்டிரைக் விழுந்த பாதையில் இப்போது பந்து சீக்கிரமே வளைந்து எதிர்ப்பக்கம் போய்விடும். அதனால்தான் ஆளுக்கு ஒரு பை நிறையப் பந்துகள். ஆட்டத்தின் நடுவே நிற்கும் இடத்தையும் மாற்றிக்கொள்கிறார்கள். இடக்கைக்காரர்கள் எண்ணிக்கையில் குறைவு, அவர்கள் பக்கத்து எண்ணெய் மெதுவாகத் தேயும். வலக்கைக்காரர்களின் தீராத முணுமுணுப்பு இது, நியாயம் ஓரளவு இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் ஆரஞ்ச் ஊரைச் சேர்ந்த ஜேசன் பெல்மான்டே பந்தை வளைக்க வேறு வழி கண்டார். பெற்றோர் நடத்திய பௌலிங் கூடத்தில் தவழ்ந்து வளர்ந்த குழந்தை; பந்தின் கனம் தாங்காமல் இரண்டு கையாலும் தள்ளியவர், வளர்ந்த பிறகும் அதை விடவில்லை. இரண்டு கையும் சேர்ந்தால் சுழற்சி கூடும், வளைவு கூடும். ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். அவரோ 15 பெரிய பட்டங்களை வென்றார். இப்போது சிறுவர்கள் பலரும் அவரைப் பார்த்து இரண்டு கையால் எறிகிறார்கள்.

நம்மூரில் பௌலிங்கையே பிழைப்பாகக் கொள்ளும் தொழில்முறைச் சீசன் இல்லை. தேசியப் போட்டிகள்தான் உச்சம். பெங்களூர் சர்ச் தெருவில் உள்ள அமீபா கூடத்தில் பலமுறை நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட் தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றவர். அடுத்த முறை சென்னை மாலில் ஆடும்போது, திரும்பி வரும் பந்தைத் துடைக்கும் முன் ஒரு கணம் பாருங்கள். அதில் மெல்லிய எண்ணெய் வளையம் படிந்திருக்கும். பந்து எந்த அச்சில் சுழன்றது என்பதை அந்த வளையத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள் விவரம் தெரிந்தவர்கள்.