பண்ணையை மூடினால் வேட்டை ஏது?

பெசன்ட் என்று ஒரு பறவை. மயிலும் காட்டுக்கோழியும் எந்தக் குடும்பமோ, அதே குடும்பம்தான் இதுவும். சேவலுக்குச் செம்பு போல மினுமினுக்கும் உடல். பச்சைத் தலை. கண்ணைச் சுற்றிச் சிவப்பு. கழுத்தில் மோதிரம் மாட்டியது போல ஒரு வெள்ளை வளையம். வாலோ மிக நீளம்! பெட்டை, பாவம், வெறும் பழுப்பு நிறம். புல்லுக்குள் உட்கார்ந்து விட்டால் கண்ணுக்கே தெரியாது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், அக்டோபர் கடைசி வந்து விட்டால், துப்பாக்கியும் நாயுமாக ஆயிரக்கணக்கான பேர் இந்தப் பறவையைத் தேடிக் கிளம்பி விடுவார்கள்.

இது பணக்காரர்களின் விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாதவரும் அங்கே வேட்டையாடலாம். அதற்கென்றே 15 லட்சம் ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. அப்பா மகனுக்கும் மகளுக்கும் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் அதுதான். மான் வேட்டையில் அசையாமல் காத்துக் கிடக்க வேண்டும். இதில் பேசிக்கொண்டே நடக்கலாம். சிறுவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

சரி, அந்த நிலத்தில் பறவை எங்கிருந்து வருகிறது?

சீனாவில் இருந்து வந்தது

இந்தப் பறவைக்கு அமெரிக்கா சொந்த நாடு அல்ல. 1880-களில் ஷாங்காய் நகரில் அமெரிக்கத் தூதராக இருந்த ஓவன் டென்னி என்பவர், சில பறவைகளைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி, தம் ஊரான ஓரிகன் மாநிலத்துக்கு அனுப்பினார். அவை பெருகின. 1890-களில் பென்சில்வேனியாவிலும் சிலர் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு மாநில வேட்டைக் கமிஷனே பண்ணை வைத்து வளர்க்கத் தொடங்கியது.

அப்போது எங்கே பார்த்தாலும் சின்னச் சின்ன வயல்கள். வரப்பெல்லாம் புதர். பறவைக்கு இரையும் கிடைத்தது, ஒளிய இடமும் கிடைத்தது. 1971-ம் ஆண்டில் மட்டும் சுமார் 13 லட்சம் பெசன்ட்கள் வேட்டையில் விழுந்தன என்று கணக்கு!

அதற்குப் பிறகு வந்தது கேடு. வயல்கள் பெரிதாயின. வரப்புப் புதர்கள் போயின. பெட்டை அடைகாக்கும் பருவத்திலேயே இயந்திரம் வந்து புல்லை அறுத்தது. கூடும் போயிற்று, முட்டையும் போயிற்று. நிலங்கள் வீட்டு மனைகளாகவும் மாறின. காட்டில் தானாகப் பெருகும் பெசன்ட் அந்த மாநிலத்தில் அநேகமாக இல்லாமல் போய்விட்டது.

இன்று வேட்டைக்காரர் முன்னால் படபடவென்று எழும்பும் பறவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்ததுதான். கூண்டுகளில் அடைத்து, லாரியில் ஏற்றிவந்து, பருவத்தில் வயல்களில் திறந்து விடுகிறார்கள். துப்பாக்கிக்குத் தப்பினாலும் பருந்துக்கும் நரிக்கும் தப்புவது அரிது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வளர்த்தே ஆக வேண்டும். ஓர் ஆண்டு பண்ணை நின்றால் வேட்டையும் நின்றது!

பணம் எங்கே?

வேட்டைக் கமிஷனுக்கு மாநிலத்தின் பொதுவரிப் பணம் வருவதில்லை. வேட்டை லைசென்ஸ் கட்டணம், துப்பாக்கி, தோட்டா மீது மத்திய அரசு போடும் வரியில் ஒரு பங்கு, காட்டு மரம், நிலத்தடி எரிவாயு, இவைதான் வரும்படி.

லைசென்ஸ் கட்டணம் உள்ளூர்க்காரருக்கு 20 டாலர். 1999-ல் வைத்தது. அதை உயர்த்தும் அதிகாரம் கமிஷனிடம் இல்லை, சட்டசபையிடம் இருந்தது. சட்டசபையோ உயர்த்தவில்லை. ஓட்டுப் போடுகிறவர்களிடம் கட்டணம் கேட்க எந்த ஊர் அரசியல்வாதிக்குத்தான் மனம் வரும்? ஆனால் தீவனமும் சம்பளமும் காத்திருக்குமா?

2016-ல் நெருக்கடி முற்றியது. பெசன்ட் திட்டத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 47 லட்சம் டாலர் அளவில் செலவாகி வந்தது. வெட்டுவதற்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். நான்கு பண்ணைகளில் இரண்டை மூடுவது என்று முடிவாயிற்று. கிராபோர்டு மாவட்டப் பண்ணை ஒன்று. லைகமிங் மாவட்டத்தில் இருந்த இரண்டில் ஒன்று. அங்கே குஞ்சு வளர்த்தவர்களுக்கு வேலை போயிற்று. மிச்சம் இருந்த பண்ணைகளும் தப்புமா என்று பேச்சு எழுந்தது.

25 டாலர் சீட்டு

திட்டம் அடியோடு நின்றுவிடவில்லை. 2017-ல் கமிஷன் ஒரு வழி செய்தது. பெசன்ட் சுட வேண்டும் என்றால் பெரியவர்கள் தனியாக 25 டாலர் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். மொத்த லைசென்ஸுக்கு 20 டாலர். ஒரே ஒரு பறவைக்கு 25 டாலர்! முணுமுணுக்கத்தானே செய்வார்கள்? மான் மட்டும் சுடுகிறவரின் பணத்தில் பெசன்ட் வளர்ப்பது என்ன நியாயம் என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதிலாயிற்று. பதினேழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் பணம் வாங்குவதில்லை.

செலவைக் குறைக்க இன்னொன்றும் செய்தார்கள். தாய்ப் பறவைகளை ஆண்டு முழுவதும் வைத்துத் தீனி போடுவதை நிறுத்திவிட்டு, ஒரு நாள் குஞ்சுகளைத் தனியாரிடம் விலைக்கு வாங்கி வளர்த்தார்கள். முட்டைக்கு அடைகாக்கும் 23 நாள் வேலையும் மிச்சம்.

2016-ல் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் பறவைகளை விட்ட கமிஷன், 2017-ல் 1 லட்சத்து 70 ஆயிரம்தான் விட்டது. சீட்டுப் பணம் சேரச் சேர, 2018-ல் 2 லட்சத்து 20 ஆயிரம் ஆயிற்று.

பண்ணையே வேண்டாத காட்டுப் பெசன்டை மறுபடி குடியேற்றவும் முயன்றார்கள். 2007-ல் இருந்து சில ஆண்டுகள் தெற்கு டக்கோட்டா, மான்டானா மாநிலங்களில் பறவை பிடித்துவந்து சில இடங்களில் விட்டார்கள். புல்லும் புதரும் போதுமான அளவு இல்லாத இடங்களில் அவை நிலைக்கவில்லை.