விலை இறங்கும், செலவு இறங்காது

பல ஆண்டு ஓடிய மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், புதிய சின்னக் காரின் விலைக்குள்ளேயே கிடைக்கிறது. தினமும் ஓட்ட அதை வாங்கலாமா? விற்கும் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பேன். தேய்வது காரின் மதிப்புதான். உதிரிபாகங்களின் விலை பெரிய கார் விலையாகவே நிற்கிறது. 1998இல் வந்த எஸ் கிளாஸின் டபிள்யூ 220 வரிசையைப் பாருங்கள். அதில் பெரும்பாலான கார்களைச் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர் பைகளே தாங்குகின்றன. பள்ளம் மேடு தெரியாத அந்தச் சுகம் உண்மையிலேயே அற்புதம். ஆனால் ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்று கசிந்தால், அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் அடிக்கடி ஓடி அதுவும் பழுதாகும். இரவு நிறுத்திய கார், காலையில் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்.

“குறைவாக ஓடிய வண்டிதானே” என்பார்கள். ரப்பருக்கு வயதும் கணக்கு. ஷெட்டில் நின்றாலும் அது மூப்படையும். மிச்சமாகும் பணத்தில் ரிப்பேர் பார்க்கலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு, அந்தப் பணத்தைத் தனியே எடுத்துவைத்தால். சர்வீஸ் பதிவுகள் முழுதாக உள்ள வண்டியை, அந்த மாடலை அறிந்த மெக்கானிக் லிஃப்டில் ஏற்றிப் பார்த்த பிறகு வாங்குங்கள். வேலைக்குப் போக வீட்டில் வேறு வண்டி இல்லையென்றால், இது வேண்டாம்.